மண்ணுக்குப் போகிற வயர்

நூலக்காவுக்குத் தன் புருஷன்மேல் தீராத கோபம் ஒன்று இருந்தது. மனுஷன் போன மழைக்காலத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார். கோபம் மட்டும் அவரோடு போகாமல் வீட்டிலேயே தங்கிவிட்டது. செத்தவரிடம் என்ன சண்டை வேண்டிக்கிடக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். கேட்பது சுலபம். பாதியில் நின்ற சண்டையை வயிற்றில் வைத்துக்கொண்டு தனியாகச் சமைத்துத் தனியாகச் சாப்பிட்டுப் பாருங்கள், அப்போது தெரியும்.

அந்தக் கோபத்துக்கு நாலு சக்கரம் உண்டு. அது ஒரு பழைய ஜீப். அதன் உள்ளே ஓடுகிற வயர் அத்தனையும் கறுப்பு. அவள் கோபித்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போயிருந்த நாட்களில் அவர் தன்னந்தனியாக உட்கார்ந்து செய்த வேலை அது. ‘நீ இல்லாமலும் என்னால் முடியும், பார்த்துக்கொள்’ என்று காட்டத்தான் அவர் அப்படிச் செய்தார் என்று அவள் நினைத்தாள். இல்லை என்று அவர் சொன்னதில்லை. அவளும் கேட்டதில்லை. கேட்டு, அவர் ‘ஆமாம்’ என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது?

ஆதியிலிருந்து சொன்னால்தான் இது விளங்கும்.

கீழே கடை, மேலே வீடு. ரோடு இல்லாத இடத்துக்குப் போகிற வண்டிகளுக்கு வயர் போடுகிற கடை. கம்பெனி கொடுக்கிற விளக்கு ஊருக்குள் ஓட்டத்தான் போதும். காட்டுக்கும் மேட்டுக்கும் ஆற்றுப் படுகைக்கும் போகிறவர்கள் பம்பர்மேல் பெரிய விளக்கு கேட்பார்கள், சேற்றில் மாட்டினால் இழுக்க வின்ச் கேட்பார்கள், டயருக்குக் காற்றடிக்கக் கம்ப்ரசர் கேட்பார்கள். ஒவ்வொன்றுக்கும் ஓட்டுகிறவர் கைக்கு எட்டுகிற மாதிரி ஒரு ஸ்விட்ச் வேண்டும். ஆனால் விரல் அளவு ஸ்விட்ச் வழியாக அவ்வளவு கரண்ட்டையும் விட்டால் அது உருகி வழிந்துவிடும். அதனால் நடுவில் ரிலே என்று ஒரு சின்னப் பெட்டி. “ஸ்விட்சு மாமியார், ரிலே மருமக. மாமியார் உக்காந்த இடத்துல ஒரு வார்த்தை சொன்னாப் போதும். பாரம் தூக்குறதெல்லாம் மருமகதான்” என்று வருகிறவர்களுக்கு அவர் விளக்கம் கொடுப்பார். தன் அம்மாவின் காதுக்கு எட்டாத தூரத்தில் நின்றுதான் கொடுப்பார்.

கல்யாணமாகி வந்த புதிதில் அவளுக்குக் கை நிற்காது. எதையாவது துடைத்துக்கொண்டே இருப்பாள். ஒருநாள் அவர் வெளியே போயிருந்தபோது கடைக்குள் இறங்கினாள். சுவரில் வரிசையாக ஆணிகள், ஆணிக்கொரு வயர்ச் சுருள். சிவப்புக்குப் பக்கத்தில் மஞ்சள், நீலம் ஒரு கோடியில், பச்சை இன்னொரு கோடியில், ஒரு லட்சணமும் இல்லாமல் தொங்கின. எல்லாவற்றையும் கழற்றித் தூசி தட்டிக் கண்ணுக்கு அழகாக மாற்றி மாட்டினாள். சிவப்பும் பச்சையும் ஜோடியாக இருந்தால் எடுப்பாக இருக்கும் என்று அவற்றை அடுத்தடுத்து வைத்தாள். புருஷன் வந்து மெச்சிக்கொள்வார் என்று காத்திருந்தாள்.

அவர் மெச்சவும் இல்லை, திட்டவும் இல்லை. அவர் கவனிக்கவே இல்லை. அதுதான் வினையாயிற்று. மறுநாள் ஒரு வண்டி வேலை முடிந்து வெளியே போனது. தெருமுனையில் பிரேக்கை மிதித்ததும் ஹாரன் அலறியது. முன்னால் போன சைக்கிள்காரர் பயந்து சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினார். ஓட்டியவர் பதறிப்போய் ஹாரனை அழுத்த, பின்னால் பிரேக் விளக்கு எரிந்தது. தெருவே சிரித்தது. வீட்டுக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. வண்டியைத் திரும்ப உள்ளே விட்டுவிட்டு, ஆணி வரிசைக்கு முன்னால் போய் நின்றார். நின்றவர் நின்றவர்தான்.

அவள் பின்னாலேயே போய்ப் பயந்துகொண்டே கேட்டாள். “என்னங்க, நான் மாத்தி மாட்டினது தப்பா?”

அவர் இரண்டு வயர்த் துண்டுகளை எடுத்து அவளிடம் நீட்டினார். “இதுல எது பச்சை?”

அவள் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு அடங்கிவிட்டது. அவருடைய கண்ணுக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுதான். மற்ற நிறங்களையும் அவரால் நிச்சயமாகச் சொல்ல முடியாது. பிறந்ததிலிருந்தே அப்படி. அம்மாவுக்குத் தெரியாது, தம்பிக்குத் தெரியாது. எந்த ஆணியில் எந்தச் சுருள் என்று மனப்பாடம் பண்ணி வைத்துக்கொண்டு, சிவப்பையும் பச்சையையும் ஒரே குழாய்க்குள் சேர்த்து ஓட்டாமல், இத்தனை காலம் தொழிலை ஓட்டிவிட்டார். வயர்க்காரனுக்கு நிறம் தெரியாது என்று வெளியே தெரிந்தால் எவன் வண்டியைக் கொண்டுவந்து விடுவான்? யாரிடமும் சொல்லாதே என்று அவர் கேட்டுக்கொண்டார். அவள் சத்தியமெல்லாம் பண்ணவில்லை. மேலே ஓடிப்போய்த் தையல் பெட்டியை எடுத்துவந்தாள்.

வெள்ளை நூலை எடுத்து வயரின் நுனியில் கட்டினாள். ரிலேக்கு நாலு கால். பேட்டரியிலிருந்து வருகிற வயருக்கு ஒரு முடிச்சு, விளக்குக்குப் போகிறதுக்கு இரண்டு, ஸ்விட்சிலிருந்து வருகிறதுக்கு மூன்று. நாலாவது எர்த்து, வண்டியின் இரும்பு உடம்பில் முறுக்குகிற வயர். அவர் அதை மண் என்றுதான் சொல்வார். அதற்கு நாலு முடிச்சுப் போடவா என்று கேட்டாள்.

“மண்ணுக்குப் போறதுக்கு முடிச்சு எதுக்கு?” என்றார் அவர்.

அன்றிலிருந்து அவள் கீழேயே உட்கார ஆரம்பித்தாள். வண்டிக்குள்ளிருந்து அவர் கையை நீட்டுவார், அவள் வயரை வைப்பாள். அவர் ஸ்விட்சைத் தட்டுவார், ரிலே டிக்கென்று சொல்லும், வெளியே நின்று எரிகிறதா என்று அவள் பார்த்துச் சொல்வாள். வெள்ளை நூல் எதற்கு என்று யாராவது கேட்டால், அது எங்கள் கடை முத்திரை என்று சொல்லிவிடுவார்கள். கேட்டவர்களும் தலையாட்டிக்கொண்டு போவார்கள். அப்படித்தான் அவளுக்கு நூலக்கா என்று பேர் வந்தது. பெற்றவர்கள் வைத்த பேரைக் கூப்பிட ஆள் இல்லாமல் போயிற்று. ‘வேலையை முடிச்சாச்சா?’ என்று வண்டிக்காரர் வந்து கேட்டால், அவர் ‘முடிச்சு, ஆச்சு’ என்று இரண்டாக வெட்டிச் சொல்வார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிப்பார்கள். எதிரில் நிற்பவர் தன் சட்டைப் பொத்தானைச் சரிபார்த்துக்கொள்வார். எத்தனை வருஷம் அந்த ஒரே நகைச்சுவையை வைத்துக்கொண்டு சிரித்தார்கள்! இப்போது நினைத்தாலும் அவளுக்குச் சிரிப்பு வரும், கூடவே அழுகையும் வரும்.

சண்டை வந்ததும் அந்த நூலால்தான். ஒருநாள் கடையில் நாலைந்து பேர் இருந்தார்கள். அவர்களில் ஒருவர், ‘இந்தக் கடை வேலை தனியாகத் தெரிகிறதே, அக்காவும் நன்றாகத் தொழில் கற்றுக்கொண்டார்கள் போல’ என்று நல்ல மனசோடுதான் சொன்னார். எங்கே தன் குட்டு வெளிப்பட்டுவிடுமோ என்று புருஷனுக்கு ஒரு பயம். “அவளுக்கு என்ன தெரியும்? சும்மா நூல் கட்டுவா” என்று சொல்லிவிட்டார்.

சும்மா நூல் கட்டுவாளாம்! மாடிக்குப் போனாள், பெட்டியை எடுத்தாள், துணியை அடுக்கினாள். கதவுவரை போனவள் திரும்பி வந்து, தையல் பெட்டியிலிருந்த வெள்ளை நூல்கண்டையும் எடுத்துப் பெட்டிக்குள் போட்டுக்கொண்டாள். இனி என்ன செய்கிறார் என்று பார்ப்போம் என்கிற வீம்பு. நேரே அக்கா வீடு. அக்காவும், வா தாயே என்று இரண்டு நாள் உபசாரம் பண்ணிவிட்டு மூன்றாம் நாளிலிருந்து, ‘மாப்பிள்ளை சாப்பிட்டாரோ என்னவோ’ என்று காற்றிடம் பேச ஆரம்பித்தாள். இவளும் காது கேட்காத மாதிரி இருந்துகொண்டாள்.

பிறகு ஒருநாள் அவரே வந்து வாசலில் நின்றார். மன்னிப்பா கேட்பார்? கடையில் வேலை கிடக்கிறது என்றார், அவ்வளவுதான். அவளும் அதற்காகவே காத்திருந்தவள்போலப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

வந்து பார்த்தால், கடையிலிருந்து ஒரு ஜீப் கிளம்பிக்கொண்டிருந்தது. போர்க்காரருடைய ஜீப். போர்க்காரர் என்றதும் கத்தி கேடயத்தை நினைக்க வேண்டாம், பூமியில் துளை போட்டுத் தண்ணீர் எடுத்துக் கொடுக்கிறவர். பம்பர்மேல் விளக்குகள் புதிதாக மின்னின. இந்தப் பக்கம் ஆறு ஸ்விட்ச், அந்தப் பக்கம் ஆறு ரிலே, நடுவில் ஓடிய வயர் எல்லாம் ஒரே கறுப்பு. எல்லாம் கறுப்பா என்று மட்டும் கேட்டாள். “கறுப்புதான் இருந்துச்சு” என்றார். சுவரைப் பார்த்தாள். மற்ற எல்லாச் சுருளும் அவள் மாட்டிய இடத்தில் மாட்டியபடியே தொங்கின. கறுப்புச் சுருள் தொங்கிய ஆணி மட்டும் காலி. ஓகோ, அப்படியா சங்கதி என்று நினைத்துக்கொண்டாள். என் நூலும் வேண்டாம், என் கண்ணும் வேண்டாம், ஒரே நிறத்தில் போட்டுக் காட்டிவிட்டார். அன்று முள் தைத்தது, தைத்ததுதான்.

அதே வாரத்தில் இன்னொரு சில்லறைத் தொல்லை. அவள் ஆசைப்பட்டு வாங்கி, ஒருதரம்கூடப் பூசாமல் வைத்திருந்த நகப்பாலிஷ் குப்பியைக் காணோம். ரத்தச் சிவப்பு. அவரிடம் கேட்டதற்கு, “எனக்கென்ன தெரியும்? நானா பூசிக்கப் போறேன்?” என்றார். அவள் கொழுந்தன் பெண்டாட்டிமேல் சந்தேகப்பட்டு, கொஞ்ச நாள் அந்தப் பெண்ணிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு அதுவும் மறந்துபோயிற்று.

ஜீப் அவ்வப்போது வரும். வயரை எலி கடித்திருக்கும், ஃபியூஸ் போயிருக்கும். அது வந்தால் மட்டும் அவர், இதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அவளை மேலே அனுப்பிவிடுவார். அவளும் விறைத்துக்கொண்டு போய்விடுவாள். வேறு கடைகளில் அந்த வண்டியைத் தொட மாட்டார்கள். மூடியைத் திறப்பார்கள், கறுப்பைப் பார்ப்பார்கள், போட்டவனைத் திட்டிவிட்டு மூடிவிடுவார்கள்.

அவர் போன பிறகு கொழுந்தன் முன்பக்கம் பேட்டரி வியாபாரத்தைப் பார்த்துக்கொண்டான், வயர் வேலையை அவள் பார்த்தாள். வருகிறவர்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள், தொழிலுக்கு ஒரு குறைவும் இல்லை. அவளுக்கு எல்லா நிறமும் தெரியும், முடிச்சு தேவையே இல்லை. ஆனாலும் கட்டினாள். கட்டாத வயர் அவளுக்கு வயராகவே தெரியவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் அந்த ஜீப் மறுபடி வந்தது. இழுவை வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். போர்க்காரருக்குத் தலை நரைத்திருந்தது, ஜீப்புக்குத் துரு. எந்த ஸ்விட்சைப் போட்டாலும் ரிலேக்கள் எல்லாம் ஒன்றாகக் கடகடவென்று பல்லைக் கடித்தன, விளக்கு கண்ணைச் சிமிட்டிவிட்டு அணைந்தது. மறுநாள் காலையில் அவர் ஆற்றைத் தாண்டிப் போயாக வேண்டும். அண்ணன் இல்லையே என்று இரண்டு வார்த்தை வருத்தப்பட்டுவிட்டு, எப்படியாவது ஓட வைத்துக் கொடுங்கள் என்றார்.

கொழுந்தன் பேட்டரியைச் சோதித்தான், அது நன்றாக இருந்தது. டாஷ்போர்டின் கீழ் மூடியைக் கழற்றி எட்டிப் பார்த்தான். தலையை வெளியே எடுத்தவன், “அண்ணி, இது வயரில்ல, தலைமுடி. சீப்பு இருந்தாக் குடுங்க” என்றான்.

அவன் சொன்ன யோசனையில் குற்றம் சொல்ல முடியாது. பழைய வயரை முழுக்க வெட்டி எறிந்துவிட்டு, தயாராகக் கட்டி வருகிற புது வயர்க் கட்டைப் போட்டால் சாயங்காலத்துக்குள் வண்டி போய்விடும். போர்க்காரரும் அதுதான் சரி என்றார். வயர் வெட்டுகிற கட்டரைக் கையில் எடுத்தவனை அவள் பார்த்தாள். இத்தனை வருஷம் வெறுத்த ஜீப். இருந்தாலும், அவர் தனியாக, அவள் இல்லாமல் செய்த வேலை உலகத்தில் இது ஒன்றுதான். வெட்டிவிட்டால் அதோடு போச்சு. தன்னை ஒதுக்கிவைத்து அந்த மனுஷன் என்னதான் செய்து கிழித்தார் என்று ஒருதரமாவது கண்ணால் பார்க்காமல் விடுவதா?

“தம்பி, நீ சாப்பிட்டுட்டு வா. அதுவரைக்கும் நான் பாக்கறேன். முடியலேன்னா வெட்டிடு” என்றாள்.

அவன் போர்க்காரரையும் சாப்பிடக் கூட்டிக்கொண்டு போனான். அவள் சீட்டைக் கழற்றிவிட்டு வண்டிக்குள் மல்லாந்து படுத்தாள். வயதாகிவிட்ட முதுகு முனகியது. டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு மேலே பார்த்தாள். கறுப்பு, கறுப்பு, கறுப்பு. ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. அவள் கண்ணுக்கு எந்தக் கோளாறும் கிடையாது, ஆனால் அந்தக் கண் இங்கே காலணாவுக்குப் பிரயோஜனப்படவில்லை. அவருக்குத் தினமும் இப்படித்தானே இருந்திருக்கும் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. ஆணிக்கு முன்னால் அவர் நின்ற நிலை கண்முன் வந்தது.

ரிலேக்களுக்குப் பின்னால் வயர்களைச் சேர்த்துத் தடியாக டேப் சுற்றியிருந்தது. பிளேடால் மெல்லக் கீறிப் பிரித்தாள். பிசினாகிப்போன டேப் உரிந்து முகத்தில் விழுந்தது. விரலில் ஏதோ நெருடியது. சின்னச் சின்ன மணிகள்போல, கெட்டியாக. டார்ச்சைத் திருப்பினாள்.

முடிச்சுகள்.

ஒவ்வொரு வயரின் நுனியிலும் முடிச்சு. பேட்டரிக்கு ஒன்று, விளக்குக்கு இரண்டு, ஸ்விட்சுக்கு மூன்று. அவளுடைய கணக்கு, அப்படியே. ஆனால் அவள் கை இல்லை. குழந்தை செருப்புக்கு வார் கட்டின மாதிரி கோணல்மாணலாக, ஒன்று பெரியதும் ஒன்று சின்னதுமாக இருந்தன. வெள்ளை நூலைத்தான் அவள் வீம்புக்குக் கொண்டுபோய்விட்டாளே. மனுஷன் தையல் பெட்டியில் மிச்சம் கிடந்ததை எல்லாம் எடுத்திருக்கிறார். ஒரு முடிச்சு ரோஸ், ஒன்று பச்சை, ஒன்று ஊதா, ஒன்று சிவப்பு. அவிழ்ந்துவிடாமல் இருக்க ஒவ்வொன்றின்மேலும் நகப்பாலிஷை அப்பியிருந்தார். ரத்தச் சிவப்பு. இத்தனை வருஷத் தூசியிலும் அது அப்படியே பளபளத்தது. அவருடைய கண்ணுக்கு அது என்ன நிறமாகத் தெரிந்ததோ.

சுவரில் மற்ற சுருள்கள் அசையாமல் தொங்கியதன் காரணமும் அவளுக்கு அப்போது விளங்கிவிட்டது. எந்த ஆணியில் எந்த நிறம் என்று அவர் மனப்பாடம் பண்ணியிருந்த வரிசையை அவள்தானே கலைத்தாள்? அதற்குப் பிறகு அவர் மனப்பாடம் பண்ணவே இல்லை. அவள்தான் இருக்கிறாளே என்று விட்டுவிட்டார். அவள் போனதும், நிச்சயமாக இதுதான் என்று அவருக்குத் தெரிந்தது கறுப்பு ஒன்றுதான். உலகத்தில் வேறு யாரிடமும் போய், இது என்ன நிறம் என்று அவரால் கேட்டிருக்க முடியாது. முடிகிறது என்று காட்டச் செய்த வேலை இல்லை இது. முடியாமல் போனவர் செய்த வேலை. அதை அவள் பார்த்துவிடக் கூடாது என்றுதான் ஒவ்வொரு தடவையும் மேலே விரட்டியிருக்கிறார்.

டார்ச் வாயிலிருந்து நழுவி விழுந்தது. “அட பாவி மனுஷா, வாயைத் தொறந்து ஒரு வார்த்தை சொன்னா என்ன?” என்று ஜீப்பின் தகரத்தைப் பார்த்துக் கேட்டாள். படுத்த வாக்கில் அழுததால் கண்ணீர் எல்லாம் காதுக்குள் போயிற்று. நானும் வாயைத் திறந்து கேட்கவில்லையே என்று பிறகு தோன்றியது.

அதற்கப்புறம் வேலை சுலபமாகத்தான் இருந்தது. டார்ச்சைத் தேடி எடுக்கக்கூட இல்லை, விரலாலேயே தடவிக்கொண்டு போனாள். ஒன்று, இரண்டு, மூன்று. எல்லா ரிலேயும் சேர்ந்து பல்லைக் கடித்தால், பேட்டரியும் நன்றாக இருந்தால், மிச்சம் இருப்பது மண்தான். முடிச்சு இல்லாத வயர்களைப் பிடித்தாள். ஆறும் சேர்ந்து ஒரே தடித்த வயராகி வண்டியின் இரும்பில் போய் முடிகிற இடத்தில் போல்ட் துருவேறிக் கிடந்தது, வயர் களிம்பேறி இற்றுப்போயிருந்தது. தொட்டதும் உதிர்ந்தது.

எழுந்துபோய் ஆணியிலிருந்து புது வயர் எடுத்துக்கொண்டு வந்தாள். அதற்குள் கொழுந்தன் வந்துவிட்டான். உள்ளே எட்டிப் பார்த்தவன் கண்ணை விரித்தான். “என்ன அண்ணி இது, வயருக்கு நகப்பாலிஷ் போட்டு வெச்சிருக்கு?”

“தண்ணி எறங்காம இருக்க உங்க அண்ணன் பண்ணின வேலை” என்றாள். அது பொய்யும் இல்லை. அவர் கேட்டுக்கொண்ட ரகசியத்தை இன்றுவரை அவள் யாரிடமும் சொன்னதில்லை. அண்ணன் மூளையே மூளை என்று அவன் மெச்சிக்கொண்டான். அவன் பெண்டாட்டியை அடுத்த வாரம் சாப்பிடக் கூப்பிட வேண்டும் என்று இவள் மனசுக்குள் முடிவு பண்ணிக்கொண்டாள். பிறகு அவன் அவள் கையிலிருந்த சுருளைப் பார்த்துவிட்டு, இதையாவது வேறு நிறத்தில் போடக் கூடாதா, அடுத்து வருகிறவனுக்கு உதவுமே என்றான். சுவரில் எல்லா நிறமும் தொங்கத்தான் தொங்கின. அவள் கையில் இருந்தது கறுப்பு.

துருவைச் சுரண்டி, புது வயரை வைத்து, போல்ட்டை முறுக்கினாள். ஸ்விட்சைத் தட்டினாள். டிக். ஒரே ஒரு டிக், சுத்தமாக. பம்பர்மேல் விளக்குகள் எரிந்து எதிர்ச் சுவர் முழுக்க வெளிச்சமாயிற்று. ஒவ்வொரு ஸ்விட்சாகத் தட்டினாள், ஒவ்வொரு ரிலேயும் பதில் சொன்னது. எரிகிறதா என்று வெளியே பார்த்துச் சொல்ல ஆள் இல்லாததால் அவளே இறங்கி இறங்கிப் பார்த்துக்கொண்டாள்.

போர்க்காரர் பல் குத்திக்கொண்டே வந்தார். வெளிச்சத்தைப் பார்த்ததும் அவர் முகமும் வெளிச்சமாயிற்று. “முடிச்சாச்சாக்கா?” என்றார்.

நூலக்கா மறுபடி வண்டிக்குள் போய்ப் படுத்துக்கொண்டாள். “இல்ல தம்பி. ஒரு முடிச்சு பாக்கி” என்றாள். இடுப்பில் செருகியிருந்த வெள்ளை நூல்கண்டை எடுத்துப் பல்லால் ஒரு துண்டு கடித்தாள். எத்தனையோ வண்டிக்கு வயர் போட்டும் அன்றுவரை ஒருதரமும் கட்டாத இடத்தில், மண்ணுக்குப் போகிற அந்தக் கறுப்பு வயரில், இறுக்கிக் கட்டினாள்.